ஈசானிய மூலையில் ஒரு பழம்

முதல் தடவை அந்த வீட்டைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நூற்றெண்பது வருஷத்துப் பழைய அரசாங்கக் கட்டடம், இந்த வட்டாரத்தின் முதல் ஆட்சி அலுவலகம் என்றெல்லாம் நகரசபை அனுப்பிய மின்னஞ்சலில் இருந்தது. கல்தூணும் வளைவுமாக எதையோ மனதில் கட்டிக்கொண்டு மெல்பர்ன் புறநகரான ரோவிலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் ஓடைக்கரையில், யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில், பெயின்ட் உரிந்த ஒரு மரவீடு. இரண்டு அறை, முன்னால் ஒரு வராந்தா. எங்கள் வீட்டுக் கார் ஷெட் இதைவிடப் பெரிது.

உள்ளே காலை வைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

முன்னறைச் சுவரில் தபால் ஆபீஸ் கவுன்ட்டர் மாதிரி ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. அதன் கீழ்ப்பலகை நடுவில் குழிந்திருந்தது. வெள்ளைக்காரர்கள் இந்தப் பக்கம் வந்து, எல்லை எதுவென்று தெரியாமல் பரவிக்கொண்டிருந்த காலத்தில், கமிஷனர் என்று ஓர் ஆளை அனுப்பி, இந்தக் காட்டையெல்லாம் நீ பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். அவர் உட்கார்ந்த அறை இது. ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று வந்தவர்கள் எல்லாரும் இந்த ஜன்னலில் முழங்கையை ஊன்றி நின்றிருக்கிறார்கள். முழங்கை பட்டுப் பட்டே பலகை தேய்ந்திருக்கிறது. ஒரு ஜில்லா அளவு மண் இந்தச் சின்ன ஓட்டை வழியாகக் கைமாறியிருக்கிறது. என் முழங்கையை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தேன். பாந்தமாகப் பொருந்தியது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அதைவிட ஆச்சரியம் சுவருக்குள் இருந்தது. இந்த வீட்டை லண்டனில் ஒரு தச்சுப்பட்டறையில் செய்திருக்கிறார்கள். செய்து, பிரித்து, பெட்டிகளில் அடுக்கி, கப்பலேற்றி, இங்கே இறக்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து பூட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு கட்டையின் தலையிலும் உளியால் கீறிய கோடுகள் உண்டு. ஏழு கோடு போட்ட கட்டை ஏழு கோடு போட்ட குழியில், எட்டு எட்டில். டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். முன்பின் தெரியாத காட்டில், மழையில் நின்று, கோட்டை எண்ணி எண்ணிப் பூட்டியிருக்கிறார்கள் யாரோ. ஒரு கட்டைகூட இடம் மாறவில்லை. நானும் என் கணவர் ஜெகதீஷும் கடையில் வாங்கி, படம் பார்த்துப் பூட்டிய புத்தக அலமாரி இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. இரண்டு பேரும் பொறியியல் படித்தவர்கள் வேறு.

நான் கட்டட அமைப்புப் பொறியாளர். அந்த ஓடை மூன்று வருஷத்தில் இரண்டு தடவை பெருகி, அந்த வீட்டின் வாசற்படியைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அதனால் வீட்டை அப்படியே முழுசாகத் தூக்கி, டிரெய்லரில் ஏற்றி, தெருவைத் தாண்டி நூலகத்துக்குப் பக்கத்து மேட்டில் வைப்பதென்று நகரசபை முடிவு செய்தது. தூக்கினால் தாங்குமா என்று சொல்ல வேண்டியவள் நான். மறுபடியும் பிரித்துப் பூட்டலாமே என்று நானும் கேட்டேன். மூட்டெல்லாம் இறுகி ஒன்றாகிவிட்டது, பிரித்தால் பாதிக் கட்டை பிளந்துவிடும் என்றார்கள் தச்சர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு மூலையும் ஒன்றாக ஏறினால் தாங்கும். ஒரு மூலை எங்கேயாவது மாட்டிக்கொண்டு மற்ற மூலைகள் மட்டும் ஏறினால், காய்ந்துபோன அந்தப் பைன் மரம் அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். ஒரு மூலையும் மாட்டாது, தூக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்துப் போடும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். போட்ட பிறகு பிடித்தது பயம். கடலைத் தாண்டி வந்து நூற்றெண்பது வருஷம் நின்ற வீடு, ஒரு ரோவில்காரியின் கணக்கை நம்பி விறகாகிவிடக் கூடாது. அந்த வாரம் முழுக்க எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை.

தூக்குகிற நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவை அடைக்க அன்றைக்கு மட்டும்தான் அனுமதி. மின்கம்பிகளை உயர்த்திப் பிடிக்க ஒரு குழு பதினொரு மணிக்கு வருவதாக இருந்தது. அன்றைக்குத் தவறினால் அடுத்த அனுமதி குளிர்காலம் முடிந்துதான். அதற்குள் ஓடை சும்மா இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

விடிந்ததும் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய் எலுமிச்சம்பழம் பறித்தேன். மெல்பர்னில் எலுமிச்சை மரம் இல்லாத வீடு அபூர்வம். ஜெகதீஷ் காபி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹரி, சைட்ல ஜூஸ் கடை போடப் போறியா?"

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. பாரம் தூக்கற இடத்துக்கு நான் வெறுங்கையோட போனதே இல்ல."

அது உண்மை. இங்கே வருவதற்கு முன்னால் சென்னையில், எண்ணூர்ப் பக்கம், பாலம் கட்டுகிற இடங்களில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். எவ்வளவு பெரிய பீம் ஆனாலும் பழம் நசுங்காமல் அங்கே ஏறாது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த தலைமைப் பொறியாளர்கூட, கிரேன் சக்கரத்தில் பழம் வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் விசில் ஊதச் சொல்வார். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. வைக்காமல் தூக்கப் பயம் இருக்கிறது. அது நன்றாகத் தெரியும்.

சைட்டுக்குப் போனால் டிரெய்லர் இன்னும் வந்து சேரவில்லை. பழத்தைச் சக்கரத்தின் கீழ் வைப்பதுதான் முறை. சக்கரமே இல்லை. நல்ல நேரமோ ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால். சென்னைக் காலண்டரின் நல்ல நேரத்தை மெல்பர்ன் கடிகாரத்தில் பார்க்கலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் அப்படித்தான் பார்க்கிறேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். வீட்டின் அடியில் நீளவாக்கில் இரண்டு இரும்பு பீம்களை நுழைத்து, வீட்டோடு சேர்த்துப் பிணைத்து, ஜாக்கிகளில் தாங்கி வைத்திருந்தார்கள். பீம்களின் கீழே ஆறு இடத்தில் கனத்த கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியிருந்தார்கள். வீடு இத்தனை நாள் நின்ற மரக் கால்களை அறுத்துவிட்டு, ஜாக்கியை மெல்லத் தளர்த்தி, வீட்டின் எடை முழுவதையும் அந்த அடுக்குகளில் உட்காரவைப்பதுதான் முதல் வேலை. உட்கார்ந்த பிறகுதான் தூக்குவது. பீமுக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு பழம் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. சக்கரமாவது, அடுக்காவது, பாரம் இறங்குகிற இடம்தானே என்று ஒவ்வொன்றிலும் ஒரு பழத்தை வைத்து, குங்குமம் தொட்டேன்.

"இதென்ன தங்கச்சி, தேர் இழுக்கப் போறமோ?"

சிறிதரன் அண்ணா. கிளிநொச்சிக்காரர். படகில் இந்த நாட்டுக்கு வந்தவர், வீடு தூக்குகிற இந்தக் கம்பெனியில் பத்து வருஷமாக ஜாக்கிகளை இயக்குகிறார். எனக்கு இன்னும் ஒரு வீடு வாங்க ஏலேல்லை, ஊருலகத்து வீடெல்லாம் தூக்கிக்கொண்டு திரியிறன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"சத்தம் போடாதீங்கண்ணா. கிரெக் வர்றார்."

கிரெக் அந்தக் கம்பெனியின் மேஸ்திரி. மலை மாதிரி மனிதர். குனிந்து பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இது என்ன என்றார். சைட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறவள் நான். ஹெல்மெட் எங்கே, இரும்புமுனை பூட்ஸ் எங்கே, செருப்போடு யார் உள்ளே வந்தது என்று கத்திக்கொண்டே இருப்பேன். அந்த வாயால், இது எங்கள் ஊர் வழக்கம் என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது.

"லோட் இன்டிகேட்டர்," என்றேன். "எடை இறங்கியதும் நசுங்கும். எந்த அடுக்கு பாரத்தை வாங்கிவிட்டது என்று எட்ட நின்றே தெரியும்."

"அந்தச் சிவப்புப் பொட்டு?"

"பளிச்சென்று தெரிவதற்கு."

கிரெக் சிறி அண்ணாவைத் திரும்பிப் பார்த்தார். சிறி அண்ணா முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "ஆர்கானிக்," என்றார்.

மரக் கால்களை ஒவ்வொன்றாக அறுத்தார்கள். ஓடைப் பக்கத்து மூலையில் மட்டும் கால் எதுவும் கண்ணில் படவில்லை. அங்கே பழைய கணப்படுப்புக்குப் போட்ட செங்கல் மேடை ஒன்று தரையிலிருந்து வீட்டின் அடிவரை எழும்பி நின்றது. அது அடுப்புக்கு மட்டும் கட்டியது, வீட்டோடு ஒட்டாது என்று பழைய வரைபடம் சொன்னது. நானும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

சிறி அண்ணா ஜாக்கிகளைத் தளர்த்தத் தொடங்கினார். வீடு ஒரு முறை முனகியது. பிறகு வராந்தாப் பக்கத்தில் முதல் பழம் பிதுங்கி, சாறு பீய்ச்சி அடித்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஓடைக்கரை முழுக்க எலுமிச்சை வாசனை. நூற்றெண்பது வருஷமாகத் தரையில் நின்ற வீடு, தலைச்சுமையை இறக்கிவைப்பது மாதிரி நிதானமாக என் கண் முன்னால் இரும்பின் மேல் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஹெல்மெட்டை முன்னால் இழுத்து மறைத்துக்கொண்டேன்.

"சரி," என்றார் கிரெக். "தூக்கிவிடலாம்."

நான் சுற்றிவந்து பழங்களைப் பார்த்தேன். ஐந்து சப்பையாகிக் கிடந்தன. வடகிழக்கு மூலையில், செங்கல் மேடைக்குப் பக்கத்தில் வைத்த ஆறாவது, குங்குமம்கூடக் கலையாமல் உட்கார்ந்திருந்தது.

"அந்த மூலையில் புகைபோக்கியை முன்பே இறக்கிவிட்டோமே," என்றார் கிரெக். "அங்கே லேசாகத்தான் இருக்கும். தளர்த்துவதற்கு முன்னால் ஜாக்கியின் அழுத்தமானி முள்ளும் அங்கே குறைவாகத்தான் காட்டியது."

அது நியாயமான பேச்சு. ஆனால் புகைபோக்கி போன பிறகும் அந்த மூலைக்கு இரண்டு டன் மிச்சம் என்பது என் கணக்கு. இரண்டு டன் இறங்கினால் பழம் பழமாக இருக்காது. நான் குப்புறப் படுத்து, கையை நீட்டி, பழத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். சுலபமாக வந்தது. அந்த மூலையில் பாரமே இறங்கவில்லை. அப்படியானால் அந்த மூலையை வேறு ஏதோ ஒன்று தாங்கிக்கொண்டிருக்கிறது. என்னவென்று தெரியாத ஒன்று, என் வரைபடத்தில் இல்லாத ஒன்று.

"நிறுத்துங்க," என்றேன். "இன்னிக்குத் தூக்க வேண்டாம்."

சிறி அண்ணா அந்தக் கணமே கையை எடுத்துவிட்டார். கிரெக்குக்கு முகம் சிவந்தது. தெருவை அடைத்தாகிவிட்டது, கம்பி தூக்குகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கிவிட்டார்கள், ஒரு எலுமிச்சம்பழத்துக்காகவா என்றார்.

"காலையில் நான்தான் சொன்னேனே, லோட் இன்டிகேட்டர் என்று."

நான் சொன்ன பொய்யை இப்போது நானே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். என் மேலதிகாரி போனில் "எலுமிச்சம்பழமா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன்.

கம்பிக் குழு போய்விட்டது. தெருவைத் திறந்துவிட்டார்கள். நான் வராந்தாப் படியில் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செங்கலுக்குள் ஒன்றும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் ஓய்வு பெறும்வரை நான் எலுமிச்சை எஞ்சினியர்தான்.

மதியத்துக்குப் பிறகு சிறி அண்ணாவும் இன்னும் இரண்டு பேரும் செங்கல்லை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து புழுதி எழுந்தது. நாலாவது வரிசையில் அவர் சட்டென்று நின்றார்.

"தங்கச்சி, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

உள்ளே ஒரு மரம் இருந்தது. அடிமரம். நானும் அவரும் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத சுற்றளவு. வேர் இன்னும் மண்ணுக்குள் இருந்தது. ஓடைக்கரையில் நின்ற மரத்தை மார்பு உயரத்தில் அறுத்துத் தள்ளிவிட்டு, எதற்குக் குழி தோண்டிக் கால் நட வேண்டும் என்று, வீட்டின் ஒரு மூலையை அதன் தலையிலேயே வைத்துவிட்டார்கள். வைத்ததோடு விடவில்லை. லண்டனிலிருந்து வந்த கட்டையின் வழியாக, கட்டைவிரல் தடிமனில் மூன்று இரும்பு ஆணிகளை அந்த மரத்துக்குள் இறக்கியிருந்தார்கள். துருப்பிடித்து, மரமும் இரும்பும் ஒன்றாகியிருந்தது. பின்னால் அடுப்புக் கட்டியவர்கள் சுற்றிலும் செங்கல் வைத்து மூடிவிட்டார்கள்.

"இதைத் தூக்கியிருந்தமெண்டா..." என்றார் சிறி அண்ணா.

மற்ற மூலைகள் ஏறியிருக்கும், இது விட்டிருக்காது. வீடு இரண்டாகக் கிழிந்திருக்கும். கிரெக் பின்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பழத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தைக் கொடுப்பது போலத் திருப்பிக் கொடுத்தார்.

மிச்சச் செங்கல்லையும் எடுத்தபோதுதான் ஓடைப்பக்கம் தெரிந்தது. அந்தப் பக்கம் மரத்தில் பட்டை இல்லை. முழங்கால் உயரத்தில் வளைவாகத் தொடங்கி மேலே அகன்று போகிற ஒரு பள்ளம். அதன் இரண்டு ஓரத்திலும் மரம் உயிரோடிருந்தபோது வளர்ந்து மூடப் பார்த்த உதடு மாதிரி தடிப்பு. அடியில் சின்னச் சின்னக் கொத்துகள். இரும்புக் கோடாலி வெட்டு அவ்வளவு மழுங்கலாக இருக்காது, கல் கோடாலிதான். நான் வாராவாரம் நடக்கப் போகிற ஓடைப் பாதையில், பழைய மரம் ஒன்றின் பக்கத்தில் வைத்த பலகையில் இதே வடிவத்தின் படத்தைப் பார்த்திருக்கிறேன். இந்த மண்ணின் முதல்குடி மக்கள் தோணி செய்வதற்காகப் பட்டையை ஒரே துண்டாக உரித்தெடுத்த தழும்பு. மரத்தைக் கொல்லாமல், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மரத்தை அதன்பாட்டுக்கு வளர விட்டிருக்கிறார்கள். இங்கே தழும்பின் கீழ்ப்பாதிதான் இருந்தது. மேல்பாதி, வீட்டுக்கு இடம் வேண்டுமென்று வெட்டித் தள்ளிய மரத்தோடு போய்விட்டது.

நான் அத்தனை நாளும் எதைப் பார்த்து மலைத்தேனோ, அந்த ஜன்னலும் முழங்கைக் குழியும் அதன் தலைக்கு மேலேதான் இருந்தன.

"ஈசானி மூலை எண்டால் சும்மாவோ," என்று சிறி அண்ணா முணுமுணுத்தார். கேலியாகச் சொல்லவில்லை.

முதல்குடி மக்களின் தடயம் எது கிடைத்தாலும் வேலையை நிறுத்த வேண்டும் என்பது இங்கே சட்டம்; எல்லா வேலையும் நின்றது. மறுநாள் காலையில், அந்த நிலத்துக்கு உரிய முதல்குடி மக்களின் அமைப்பிலிருந்து டீனா என்ற பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். மஞ்சள் சட்டை, பூட்ஸ், கையில் பாதி தின்ற மீட் பை, நம்மூர் பஃப்ஸ் மாதிரி ஒன்று. வந்தவுடன் எங்கள் எல்லாரையும்விட வேகமாகப் பேசினாள். மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. மீட் பை கையிலேயே ஆறியது. உள்ளங்கையை அந்தத் தழும்பின் மேல் வைத்தாள். பிறகு எழுந்து தூரப் போய் யாருக்கோ போன் செய்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அவள் குடும்பத்துப் பெண்கள் மூன்று கார்களில் வந்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னது இதுதான். வீடு போகட்டும், மரம் அசையக் கூடாது. ஆணிகளை மரத்தைத் தொடாமல், மேலே கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் அறுக்க வேண்டும். எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை.

ஆனால் குளிர்காலம் வந்துவிட்டது. அந்த வருஷம் மழை பெய்த ஒவ்வொரு நாளும் காரை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். "புதுசா ஒரு குழந்தை பெத்த மாதிரி அலையறியே" என்றார் ஜெகதீஷ். அவருக்கு என்ன, கையெழுத்துப் போட்டவள் நான். வீட்டை நினைத்து மட்டும் நான் போகவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஒரு வாரம் தண்ணீர் அடிமரத்தின் வேர்வரை வந்து நின்றது. அங்கே குடையைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் என்று தெரியாமல், போய்விடு போய்விடு என்று கெஞ்சினேன். மறுநாள் வடிந்துவிட்டது.

வசந்தத்தில் மறுபடியும் அனுமதி கிடைத்தது. அன்று காலை பழங்களோடு போனேன். நான் கேட்காமலே கிரெக் அடுக்குகளில் பழம் வைக்க இடைவெளி விட்டிருந்தார். ஓடைப்பக்கம் டீனாவும் அவள் பெரியம்மாக்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கிரெக் பெருமையாக டீனாவிடம் பழத்தைக் காட்டினார்.

"ஹரியின் லோட் இன்டிகேட்டர். மெல்பர்னில் வேறு யாரிடமும் இல்லை."

டீனா குங்குமத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நிஜமாகவா?"

என்னால் அவளிடம் அந்தப் பொய்யைத் திரும்பச் சொல்ல முடியவில்லை.

"இல்லை," என்றேன். "எங்கள் ஊரில் பெரிய பாரம் எதையும் அசைப்பதற்கு முன்னால் இப்படி வைப்போம். அசைக்கலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரி."

"யாரிடம்?"

இத்தனை வருஷம் பழம் வைத்தும் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. "அங்கே யார் இருக்கிறார்களோ அவர்களிடம்," என்றேன்.

டீனா அடிமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மூலையில் கேட்டுவிட்டு வேலை தொடங்கிய முதல் ஆள் நீதான்," என்றாள் பிறகு. கிரெக் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

ஆணிகளை அறுத்தார்கள். சிறி அண்ணா ஜாக்கியைத் தளர்த்தினார். ஆறு பழமும் நசுங்கின, ஈசானிய மூலைப் பழம் உட்பட. நான் தலையாட்டினேன். வீடு ஏறத் தொடங்கியது. கட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் முதலில் நூல் அளவு வெளிச்சம். பிறகு விரல் அளவு. பிறகு அந்தப் பக்கம் ஓடும் தண்ணீரே தெரிந்தது. ஒரு விரிசல் சத்தம்கூட இல்லை. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. கோடு எண்ணிப் பூட்டிய அந்தக் கட்டைகள் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, முழுசாக, காற்றில் நின்றன. கிரெக் என்னைத் தூக்கிவிடுவது போல ஓடிவந்தார். நான் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

டிரெய்லர் நகர்ந்தது. நாங்கள் நடக்கிற வேகம்தான். முன்னும் பின்னும் ஆட்கள், தெரு நெடுக வேடிக்கை பார்க்கிற கூட்டம். நிஜமாகவே தேர்தான். அந்தச் சின்ன ஜன்னல் என் தலைக்கு மேலே கடந்து போனது. நான் வீட்டோடு நடந்து, மூலைகளைக் கண்காணிக்க வேண்டும். நாலடி நடந்தேன். பிறகு திரும்பிப் பார்த்தேன்.

அடிமரத்தின் மேல் வெயில் விழுந்திருந்தது. கமிஷனர் வந்ததிலிருந்து அதன் மேல் விழாத வெயில். அந்த அரைத்தழும்பு முழுவதும், ஒவ்வொரு கொத்தும், ஓரத்துத் தடிப்பும் பளிச்சென்று தெரிந்தது. பெரியம்மாக்களில் ஒருத்தி வாய்விட்டு அழுதாள். டீனா அவள் தோளைப் பிடித்திருந்தாள். என்னை வா என்று கையாட்டினாள்.

நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு பூட்ஸையும் கழற்றி, காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்தேன். எந்த சைட்டிலும் நான் செய்யவிடாத காரியம். இரும்புமுனையோடு அதன் கிட்டே போக எனக்கு மனம் வரவில்லை.

"ஹரி!" தெருவிலிருந்து கிரெக்கின் குரல் வந்தது. "பூட்ஸ் எங்கே?"

பதில் சொன்னது சிறி அண்ணா. டிரெய்லரோடு நடந்துகொண்டே, கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "விடு கிரெக். அவள் இப்போது வேலையில் இல்லை. அவளுடைய மூலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன்."

வீடு மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. நான் ஈர மண்ணில் வெறுங்காலோடு மரத்துக்குப் போனேன்.